தரம் 7 வகுப்பறையில் அறிஞர் சித்தி லெப்பை

எமது பாடசாலைப் பிள்ளைகளிடம் அறிஞர் சித்தி லெப்பையைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். 1838இல் கண்டியில் பிறந்தார், முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்தினார், இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதினார், கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்டார், 1898இல் வபாத்தானார். அந்த வயதில் நானும் அப்படித்தான் ஒப்புவித்தேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் அவரைப் பற்றி ஓர் ஒப்படையும் எழுதிக் கொடுத்தேன். புள்ளி நன்றாகவே கிடைத்தது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி உண்மையில் யோசிக்கத் தொடங்கியது சென்ற ஆண்டுதான். தரம் 7 வகுப்பில் நடந்த ஒரு சின்ன விடயம் அதற்குக் காரணம்.

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் போனபோது ஒரு மாணவன் பக்கத்து மேசைப் பிள்ளையின் கொப்பியைக் கிழித்துப் போட்டிருந்தான். சண்டை பிடிக்கிற பிள்ளை அல்லன் அவன். வாப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார். வீட்டில் உம்மாவும் மூத்தம்மாவும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். தெரியாது டீச்சர், ஒரு மாதிரியாக இருந்தது என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல அவனிடம் சொல் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் வகுப்பு முழுவதற்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, இன்றைக்கு உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டோர் நல்லம் என்று எழுதியிருந்தார்கள். மிச்சப் பேரில் அநேகர் எழுதியது அதே ஒரு மாதிரிதான். வெட்கம், பொறாமை, ஏக்கம், ஏமாற்றம், தனிமை என்ற சொற்கள் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதவை அல்ல. தமிழ்ப் பாடத்தில் ஒத்தகருத்துச் சொல் கேட்டால் சரியாக எழுதுவார்கள். தம்மைப் பற்றிச் சொல்ல வரும்போது மட்டும் அந்தச் சொற்கள் கைக்கு வருவதில்லை.

சமூக மனவெழுச்சித் திறன்கள் என்று இப்போது பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி பேசுகிறார்கள். 1994இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் அமைப்பு உருவானது. தன் மனதில் நடப்பதை அறிவது, அதை ஆள்வது, மற்றவர் நிலையை உணர்வது, உறவுகளைப் பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது என்று ஐந்து திறன்களை அது வகுத்தது. உலகில் பல நாடுகள் அந்த வகுப்பையே பின்பற்றுகின்றன. கலாசாலையில் நாம் பியாஜேயையும் எரிக்சனையும் பரீட்சைக்காகப் பாடமாக்கியபோது, பதினொன்று பன்னிரண்டு வயதில் பிள்ளைக்குள் என்னென்ன புரளுகிறது என்பதைப் படித்தோம். எமது பாடத்திட்டத்திலும் தரம் 6 முதல் குடியுரிமைக் கல்வி என்று ஒரு பாடம் இருக்கிறது. தவணைப் பரீட்சை நெருங்கும்போது கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ முதலில் கடன் கொடுக்கப்படுவதும் அந்தப் பாடவேளைதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் கொடுத்திருக்கிறேன்.

பெற்றோர் சிலர் இதை மேற்கிலிருந்து வந்த புது விடயம் என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் அபூ உமைரின் சம்பவத்தை நினைவூட்டுவேன். அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அவர். விளையாடிக்கொண்டிருந்த சிறு குருவி இறந்துபோய், கவலையோடு இருந்த அந்தப் பிள்ளையிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு சமூகத்தையே வழிநடத்தியவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவிக்கும் நேரம் இருந்தது. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்று கற்றுத் தந்ததும் அவர்கள்தான். வேர் எம்மிடம் இருக்கிறது. அதைப் பாடசாலைக்குள் கொண்டுவர முயன்ற ஒருவரும் எமது ஊரிலேயே வாழ்ந்தார்.

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தை நாட்டின் ஆரம்பகால முஸ்லிம் சட்டத்தரணிகளில் ஒருவர். ஆகவே வசதியான வீடு, படிப்புள்ள வீடு. குர்ஆனும் அரபும் தமிழும் அவருக்கு வீட்டுச் சூழலிலேயே கிடைத்தன. ஆங்கிலமும் கற்றார். ஊரில் சிங்களம் காதில் விழாமல் இருக்க முடியாது. தந்தையின் வழியிலேயே புரொக்டர் எனப்பட்ட சட்டத்தரணியாகி, கண்டி நீதிமன்றங்களில் நல்ல பெயர் எடுத்தார். மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார். நீதவான் பொறுப்பையும் வகித்தார். அந்தக் காலத்து முஸ்லிம் ஒருவருக்கு இதற்கு மேல் எட்டக்கூடிய உயரம் அதிகம் இல்லை.

கோப்பிச் செய்கை கொழித்த காலம் அது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. கடைகளும் வழக்குகளும் பெருகின. நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நின்ற ஒருவர் எதையெல்லாம் பார்த்திருப்பார்? காணி எல்லைக்காக அண்ணன் தம்பி, கடன் சீட்டுக்காகக் கூட்டாளிகள், வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்துவிட்டு வந்து நிற்பவர்கள். அவர் சட்டத் தொழிலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கல்வியின் பக்கம் முழுதாகத் திரும்பியதற்கு அந்த மன்றத்து அனுபவமும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. பேசித் தீர்க்கத் தெரியாதவர்கள்தான் கடைசியில் வழக்குக்கு வருகிறார்கள். ஆசிரியருக்கும் இது தெரியும். வகுப்பறையில் தீராதது அதிபரின் அறைக்கு வரும்.

அப்போது கண்டியில் மற்றச் சமூகங்கள் விரைவாக நகர்ந்துகொண்டிருந்தன. திருத்துவக் கல்லூரி 1872இல் தொடங்கியது. 1879இல் பெண்கள் உயர் பாடசாலை. பௌத்த சமூகம் 1887இல் தர்மராஜாவை ஆரம்பித்தது. முஸ்லிம் பெற்றோர் மட்டும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தனர். மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தை இன்று பின்னாலிருந்து பார்த்து அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். பிள்ளை கையை விட்டுப் போய்விடுவான் என்ற ஒரு தாயின் பயம் அது. சித்தி லெப்பை அந்தப் பயத்தைக் கேலி செய்யவில்லை. பயத்துக்குக் காரணமாக இருந்ததை மாற்றப் பார்த்தார். ஈமானை இழக்காமல் ஆங்கிலம் படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் விடாமல் சொன்ன செய்தி.

சொல்வதற்கு முதலில் ஒரு மேடை தேவைப்பட்டது. 1882 டிசம்பர் 21ஆம் திகதி முஸ்லிம் நேசன் முதல் இதழ் வெளிவந்தது. தமிழ் எழுத்து வாசிப்பவர்களுக்கும், அரபுத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் சேர்த்தே அவர் எழுத நினைத்தார். அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்கு எழுத்து என்றால் அரபுத் தமிழ்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கல்வியின் தேவை, ஊர் நடப்பு, எகிப்திலும் துருக்கியிலும் நடப்பவை எல்லாம் அதில் வந்தன. கடல் கடந்து தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் அது போனது. தன்னைப் பற்றித் தன் வாயால் பேசிப் பழகாத ஒரு சமூகத்துக்கு வாரா வாரம் பேச்சுப் பழக்கம் கொடுத்தார் என்று இதைச் சொல்லலாம். எனது தரம் 7 பிள்ளைகளின் துண்டுக் கடதாசிகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்னால் அவர் கையில் எடுத்தது சொல்லை.

முதல் இதழ் வந்து சில வாரங்களில், 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கினார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற தளபதி. அவரைப் பார்க்க முஸ்லிம்கள் திரண்டார்கள். சித்தி லெப்பைக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு உண்டானது. தோற்றுப்போன, மண்ணைப் பிரிந்த ஒரு மனிதர் இன்னொரு நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக நேரம் செலவிட்டார் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்வதில்லை. பிற்காலத்தில் ஒராபி பாஷா கண்டியிலேயே குடியிருந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரில் ஒரு கலாசார நிலையம். எமது பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் கை உயர்த்துபவர்கள் குறைவு.

இந்த நட்பின் தெம்பில் 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலை தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. சமூகம் தயாராக இருக்கவில்லை.

ஒப்புவிக்கும்போது பிள்ளைகள் தாண்டிவிடும் இடம் இதுதான். நானும் ஒப்படையில் ஒரு வரியில் தாண்டினேன். ஆனால் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சித்தி லெப்பையின் வாழ்க்கையில் அதிகம் தேவைப்படுவது இந்த இடம் என்று இப்போது நினைக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே விழுந்த பிள்ளை தரம் 6க்கு வரும்போதே ஒரு தோல்வியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அல்லது அதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். பெரியவர்களுடைய வெற்றிப் பட்டியலை மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது இன்னும் சுருங்கிப் போகும். ஊரில் மதிப்புள்ள ஒரு சட்டத்தரணி, தன் பணத்தையும் பெயரையும் முன்வைத்துத் தொடங்கிய பாடசாலை நிலைக்காமல் போனது. எதிர்த்தவர்கள் வெளியாட்கள் அல்லர், தன் சமூகத்தார்தான். அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் பாடம்.

அவர் கதை எழுதினார். பாடசாலை போனதால்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை, வரிசையை மட்டும் பார்க்கிறேன். 1885இல் அசன்பே சரித்திரம் வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. நாவல் என்றால் என்னவென்று வாசகர்களுக்கே சரியாகப் பழகாத காலம்.

கெய்ரோவில் உயர்ந்த குடும்பமொன்றில் பிறந்த ஆண் குழந்தை கடத்தப்படுகிறது. பம்பாயில் அந்நியரிடம் வளர்கிறது. தான் யார் என்று தெரியாமலே வளர்ந்த அசன், பதின்ம வயதில் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போகிறான். அங்கே படிக்கிறான். வேறு மதத்தவரும் வேறு நாட்டவருமான மனிதர்களோடு பழகுகிறான். நல்லவர் யார், வஞ்சகர் யார் என்று அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறான். கடைசியில் எகிப்துக்குப் போய்த் தன் வேரைச் சேர்கிறான். இன்றைய வாசகருக்குத் தற்செயல் நிகழ்ச்சிகள் கொஞ்சம் அதிகம்தான். மொழியும் பழையது. தமிழ் இலக்கியம் கற்பிப்பவர்கள் இது முதல் நாவலா இரண்டாவது நாவலா என்று விவாதிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தரம் 7 ஆசிரியைக்குக் கண்ணில் படுவது வேறு. இந்தக் கதையின் நாயகன் என் வகுப்பில் இருக்க வேண்டிய வயதுப் பையன். தன் பெற்றோர் யாரென்று தெரியாது, வளர்த்தவர் மீது நம்பிக்கை இல்லை, போக்கிடம் இல்லை. அறிமுகமில்லாத நகரத்தில் யாரை நம்புவது, எதற்குக் கோபப்படுவது, எப்போது பொறுத்துக்கொள்வது என்று தானே முடிவெடுக்க வேண்டியவன்.

ஒரு வழக்கறிஞர் சமூகத்துக்குப் புத்தி சொல்ல நினைத்தால் கட்டுரை எழுதியிருக்கலாம். பத்திரிகை அவர் கையில்தானே இருந்தது. கட்டுரையும் எழுதினார். ஆனால் ஒரு பையனை உண்டாக்கி, அவனைக் கப்பலேற்றி, வாசகரை அவன் பின்னால் நடக்க வைத்தார். கெய்ரோவை விட்டுப் பிரிக்கப்பட்ட ஒருவரின் ஏக்கத்தை ஒராபி பாஷாவின் முகத்தில் பார்த்த பிறகு எழுதிய கதை இது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. மற்றவன் இடத்தில் நின்று பார்ப்பதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கக் கதையைவிட நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஐந்து திறன்களைப் பலகையில் எழுதி விளக்கினால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கும் எழுதுவார்கள்.

அவர் அரபு எழுத்தையும் தமிழையும் எளிதாகக் கற்பிக்கப் பாடநூல்களும் எழுதினார். ஒரு பிரபல சட்டத்தரணி உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதுவதை எண்ணிப் பாருங்கள். அரபும் தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் எமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இதற்குப் பிறகு வருகிறேன்.

1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் திறந்தார். தன் சொந்தச் சகோதரியையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் படிப்பு முடிந்தது என்ற காலத்தில் இதைச் செய்ய, ஊராருக்கு முதலில் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. இன்று எமது பாடசாலைகளில் நிலைமை தலைகீழ். பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், பரிசு வாங்குகிறார்கள், மேடையேறிப் பேசுகிறார்கள். வகுப்பின் பின்வரிசையில் அமைதியாகக் கரைந்து போகிறவர்கள் ஆண்பிள்ளைகள். தரம் 9க்கு வரும்போது கடைக்குப் போகும் யோசனை வந்துவிடுகிறது. ஆம்பிளைப் பிள்ளை அழக் கூடாது என்று ஐந்து வயதில் சொல்லி வைத்தோம். பன்னிரண்டு வயதில் அவன் அழுவதில்லை, கொப்பி கிழிக்கிறான். சித்தி லெப்பை இன்று இருந்தால் யாருக்குப் பாடசாலை திறப்பார் என்று சில நாட்களில் யோசித்திருக்கிறேன்.

1892 ஆகஸ்டில் மருதானையில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா திறக்கப்பட்டது. முதல் பாடசாலை தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்து, அதே எண்ணம், வேறு இடம், வேறு துணைகள். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தை 1876இல் கட்டி முடித்த ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார் இம்முறை கூட இருந்தார். ஒராபி பாஷாவும் இருந்தார். அதுதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரியானது. எழுத்தும் பேச்சும் ஒருவரிடம், கல்லும் சுண்ணாம்பும் இன்னொருவரிடம், மதிப்பு மூன்றாமவரிடம். முதல் தடவை கைகூடாதது இரண்டாம் தடவை கைகூடியதற்கு ஆளணி சேர்ந்ததும் ஒரு காரணம். குழுவாக வேலை செய் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒப்படையை ஒருவன் மட்டும் எழுத மற்ற நால்வர் பெயர் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எமக்கு இதில் ஒரு விடயம் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை வேண்டும் என்ற அன்றைய தேவை நியாயமானது. அந்தத் தேவையால்தான் நான் ஆசிரியையானேன், இதை வாசிக்கும் பலர் படித்தவர்களானார்கள். ஆனால் சித்தி லெப்பை வளர்ந்த கண்டியில் அவரது கட்சிக்காரர்கள் சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் எல்லோரும்தான். அவர் அவர்களோடு பேசினார், வாதாடினார், சபையில் பக்கத்தில் அமர்ந்தார். இன்று எமது பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளை தரம் 1இலிருந்து தரம் 9 வரை ஒரு சிங்கள நண்பன்கூட இல்லாமல் வந்து சேரலாம். தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள பாடசாலைப் பிள்ளையை அவன் பஸ் தரிப்பிடத்தில் மட்டும் பார்க்கிறான்.

2018 மார்ச் மாதம் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, உயிர் போனது. பாடசாலைகள் மூடிக் கிடந்து மீண்டும் திறந்த முதல் நாள் வகுப்புக்குள் போனபோது, பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. விட்ட பாடங்களை முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவில் தூங்கினீர்களா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கலாசாலையில் கற்ற எதுவும் அன்று நினைவுக்கு வரவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இப்போது இளைஞர்கள். சிலரைக் கடைத்தெருவில் காண்கிறேன், ஸலாம் சொல்கிறார்கள். அந்த நாளைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை.

நான்கு மொழியும் தெரிய வேண்டும் என்று சித்தி லெப்பை சொன்னதை வேலைவாய்ப்புக்கான ஆலோசனையாக மட்டும் நான் முன்பு வாசித்தேன். இப்போது அப்படி வாசிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் மொழியில் அவனது துக்கத்தை விசாரிக்கத் தெரிவதும் அதற்குள் அடங்கும். இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தில் எமது பிள்ளைகள் கடிதம் எழுதுவார்கள், வெற்றிடம் நிரப்புவார்கள். பயமாக இருக்கிறது, மன்னித்துக்கொள், உனக்கு என்ன நடந்தது என்று சிங்களத்தில் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார்கள். என்னால் முடிந்த சிறு விடயமாக, சிங்கள ஆசிரியையின் உதவியோடு அந்தச் சொற்களையும் எமது வகுப்புச் சுவரில் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம்.

வாழ்வின் கடைசிக் காலத்தில் அவரது மனம் தஸவ்வுபின் பக்கம் சாய்ந்தது. 1892இல் ஞானதீபம் என்ற இதழைத் தொடங்கியிருந்தார். 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்ற நூலை வெளியிட்டார். நப்ஸைப் பற்றி, அதை அடக்கி ஆள்வதைப் பற்றி எமது ஆன்மிக மரபு எவ்வளவோ பேசியிருக்கிறது. வயது வந்தவர்களுக்கென்றே அதை ஒதுக்கி வைத்துவிட்டோம். கோபம் எங்கிருந்து எழுகிறது, பொறாமை எப்படி உள்ளே வளர்கிறது என்று இமாம் கஸ்ஸாலி விவரித்ததைத் தரம் 7 பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்ல யாராவது உட்கார்ந்தால், பட்டறைக் கையேடுகளைவிட அது எமது பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும். மௌலவிமாரும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிரம்பும் முன்னரே, கண்டியில் அவர் வபாத்தானார். மஹியாவ மையவாடியில் அடக்கப்பட்டார். மருதானையில் அவர் தொடங்கி வைத்தது கல்லூரியாக வளர்ந்ததைப் பார்க்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 1977இல் அரசாங்கம் அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரில் ஒரு பாடசாலை இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நான் பல தடவை போயிருக்கிறேன்.

கொப்பி கிழித்த பையனின் விடயத்துக்கு வருகிறேன். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு குடியுரிமைக் கல்விப் பாடவேளையில், இந்தத் தடவை யாருக்கும் கடன் கொடுக்காமல், அசனின் கதையை என் சொந்தத் தமிழில் சொன்னேன். பம்பாயை விட்டு அவன் புறப்படும் இடத்தில் நிறுத்தினேன். அந்த இரவு அவன் மனம் எப்படி இருந்திருக்கும் என்று துண்டுக் கடதாசியில் எழுதச் சொன்னேன். ஒரு மாதிரி என்று எழுதக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

பயம் என்று பலர் எழுதினார்கள். இரவில் எங்கே தூங்குவது என்று தெரியாத பயம் என்று ஒரு பிள்ளை விரித்து எழுதியிருந்தது. கோபமும் சந்தோசமும் ஒரே நேரத்தில் என்று இன்னொரு பிள்ளை. கொப்பி கிழித்தவன் எதையும் எழுதவில்லை. கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டான். போகப் போகிறேன் என்று அசன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனானா, சொல்லாமல் போனானா என்று. கொப்பியைப் பறிகொடுத்த பிள்ளை உடனே திரும்பி, சொன்னால் போக விடமாட்டார்களே என்றான். சொல்லாமல் போனால் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இவன் கேட்டான். முன்வரிசைப் பெண்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மணி அடித்ததும் தெரியவில்லை. கணித ஆசிரியர் கையில் பெரிய அடிமட்டத்தோடு கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.